புறநானூற்றில் ஒரு தாயின் மறுமொழி

தாயைப் பாடும் பாட்டுக்கு உரை வேண்டுவதில்லை என்பது பலர் கொள்கை. தாயை அறியாதார் உலகில் இலர். ஆகவே தாயைப் பற்றிய பாட்டும் தானே விளங்கிவிடும் என்று அவர் எண்ணுகின்றனர். யாமும் அங்ஙனமே எண்ணியிருந்தோம். ஆயின், நாம் நன்கறிந்த பொருளைப் பாடும் பாட்டே நம்மை எளிதில் ஏமாற்றவல்லது என்பதைப் பின்னர் உணர்ந்தோம். அறியாத பொருளைப் படிக்குங்கால் சொல்தோறும் நின்று நோக்குகின்றோம். அறிந்த பொருளாயின், பாட்டில் உள்ளதை விட்டு, நம் நெஞ்சில் உள்ளதையே படித்துவிடுகின்றோம்.

இதனை யாம் உணர்ந்த வகை இது. எம் வகுப்பில் ஒருநாள் புறநானூற்றின் 86-ஆம் பாட்டைத் தந்து, அதன் நயத்தை ஒரு பக்கத்தில் எழுதுமாறு ஆசிரியர் பணித்தார். ஆறே அடிகள் கொண்ட சிறு பாட்டு. பள்ளிப் பருவத்திலிருந்தே கேட்டுப் பழகிய பாட்டு. யாம் யாவரும் கால்மணி நேரத்தில் எழுதி முடித்தோம். பண்டைத் தமிழ்த் தாயின் வீரம், மறக்குடியின் மாண்பு, புலியை ஒத்த மகன் என்னும் இம்மூன்றுமே ஏறக்குறைய எல்லார் தாளிலும் இருந்தன. தாள்களைத் திருப்பித் தருகையில் ஆசிரியர் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. "அவளிடம் கேள்வி கேட்டவரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே, அவள் 'அறியேன்' என்றதையும் ஒருவரும் எழுதவில்லையே" என்று மட்டும் கூறினார். அச்சொல் எம் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அதன்பின் அப்பாட்டை மீண்டும் எடுத்துப் படித்ததன் பயனே இக்கட்டுரை. பேசுபவர் யார், சொற்கள் எப்பொருளில் நிற்கின்றன, உவமை எதனைக் கூறி எதனைக் கூறாது விடுகின்றது என்னும் மூன்று வினாக்களை இங்கு முறையே எடுத்துக்கொள்வோம்.

பாட்டின் வரலாறு

எட்டுத்தொகை நூல்களுள் ஒன்றாகிய புறநானூற்றை ஏட்டுச் சுவடிகளினின்றும் ஆராய்ந்து 1894-ஆம் ஆண்டில் முதன்முதல் அச்சிட்டு வெளியிட்டவர் மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள். இந்நூலின் முதல் 266 பாட்டுக்களுக்கே பழைய உரை கிடைத்துள்ளது. நாம் எடுத்துக்கொண்ட பாட்டு அவ்வெல்லைக்குள் அடங்குவது நம் நற்பேறேயாம். இதனைப் பாடியவர் காவற்பெண்டு என்னும் பெண்பாற் புலவர். திணை வாகை, துறை ஏறாண்முல்லை. மேன்மேலும் ஆண்மை ஓங்கும் குடியின் ஒழுக்கத்தை உயர்த்துக் கூறுவது இத்துறையின் இலக்கணம்.

பாட்டின் கருத்தை உரைநடையிற் சுருக்கிக் கூறுவோம். ஒருவர் ஒரு சிறு வீட்டிற்கு வருகின்றார். அங்குள்ள தூணைப் பற்றிக்கொண்டு நின்று, அவ்வீட்டுத் தாயை நோக்கி, அவள் மகன் எங்கே என்று கேட்கின்றார். அவன் எங்கிருப்பினும் தான் அறியாள் எனத் தாய் விடை கூறுகின்றாள். புலியொன்று வைகிப் பின் நீங்கிய மலைக்குகை எத்தன்மையதோ, அத்தன்மையதே அவனைப் பெற்ற தன் வயிறு என்கின்றாள். போர் நிகழும் களத்திலே அவன் காணப்படுவான் என்று முடிக்கின்றாள். பாட்டு இவ்வளவே.

பேசுபவர் யார்?

பாட்டைப் பாடியவர் வேறு; பாட்டினுள்ளே பேசுபவர் வேறு. இவ்வேறுபாட்டை அகப்பொருட் பாட்டுக்களைப் படிக்கும்போது நாம் மறப்பதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று என்று முதலிலேயே வகுத்துக்கொள்கின்றோம். கபிலர் பாடிய குறிஞ்சிப் பாட்டில் தலைவி பேசினால், கபிலரே தலைவனைப் பிரிந்து வருந்தினார் என்று எவரும் கொள்வதில்லை. புறப்பாட்டுக்கு வரும்போது மட்டும் இவ்விழிப்பு நம்மை விட்டு நீங்கிவிடுகின்றது. புலவரின் பெயர் பெண்பெயராயிருத்தலின், அவரே தம் மகனைப் பற்றிப் பேசுகின்றார் என்று கொண்டுவிடுகின்றோம்.

இப்பாட்டில் அவ்வாறு கொள்ளுதற்கு ஒரு தடையும் உளது. காவற்பெண்டு என்னுஞ் சொல் செவிலித்தாயைக் குறிப்பது என்பர் அறிஞர். செவிலி பிள்ளையை வளர்ப்பவள், பெற்றவள் அல்லள். பாட்டில் பேசுபவளோ தன் வயிற்றையே சுட்டிக் காட்டிப் பேசுகின்றாள். புலவரின் பெயர் அவர்தம் தொழில் பற்றி வந்ததாயின், பெறாமல் வளர்த்த ஒருத்தி, பெற்ற ஒருத்தியின் குரலில் நின்று பாடியிருக்கின்றாள் என்று ஆகின்றது. இது துணிபு அன்று. ஆயினும், பாடியவரையும் பேசுபவரையும் ஒன்றாக்குமுன் நாம் எத்துணை எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும் என்பதற்கு இது போதிய சான்றாகும்.

இனி, கேட்பவர் யார்? அயல் வீட்டுப் பெண் ஒருத்தி என்று பலரும் எழுதுவர். அவ்வாறு கொள்ளுதல் பொருந்துவதே. ஆயினும் பாட்டில் அது கூறப்படவில்லை. 'வினவுதி' என்பது முன்னிலை ஒருமை வினைமுற்று. 'கேட்கின்றாய்' என்பது பொருள். அது ஆண்பாற்கும் பெண்பாற்கும் பொது. ஆகவே வினவியது பெண்ணோ, மகனுடைய தோழனோ, அவனைத் தேடி வந்த வேறொருவரோ என்பதனைச் சொல்லின் ஈறு நமக்குக் காட்டவில்லை. வந்தவர் தாயால் 'நீ' என்று ஒருமையில் அழைக்கப்படத்தக்கவர், வீட்டினுள் வந்து தூணைப் பற்றி நிற்கும் அளவு பழகியவர் என்னும் இரண்டுமே உறுதியாக அறியப்படுவன.

தூணைப் பற்றி நின்றவள் தாயே என்று எம்முள் சிலர் எழுதியிருந்தனர். துயருற்ற தாய் தூணிற் சாய்ந்து நிற்பதாகிய காட்சி நாடகத்திற்கும் ஓவியத்திற்கும் ஏற்றதே. ஆனால் இலக்கணத்திற்கு ஏற்றதன்று. 'பற்றி' என்னும் வினையெச்சம் 'வினவுதி' என்னும் வினையைக் கொண்டு முடிகின்றது. செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்பது இலக்கண விதி. எனவே வினவியவரே பற்றியவர். தாய் எதனையும் பற்றி நிற்பதாகப் பாட்டுக் கூறவில்லை. இச்சிறு விதியை மறந்தமையால் நாங்கள் தாயின் நிலையையே மாற்றிவிட்டோம்.

இன்னுமொன்று. கேட்டவரின் குரலை நாம் நேரே கேட்பதில்லை. அவர் கேட்டதைத் தாயே எடுத்துக் கூறி, அதன்பின் தன் விடையைத் தொடங்குகின்றாள். நம் வீடுகளிலும் இவ்வழக்கு உண்டு. "எங்கே போனான் என்றா கேட்கின்றாய்?" என்று ஒருவர் வினாவைத் திருப்பிச் சொல்லித் தொடங்குவாராயின், அவ்வினா அவர் உள்ளத்தில் எங்கோ தைத்தது என்று அறிகின்றோம். வியப்போ, சிறு சினமோ, பெருமிதமோ, அன்றி மறைத்துவைத்த வருத்தமோ அதில் இருத்தல் கூடும். இத்தாயின் குரலில் இருந்தது யாது? அதனை அறிதற்குச் சொற்களையும் உவமையையும் நாடவேண்டும்.

சொற்பொருள்

பழம்பாட்டுக்களில் அருஞ்சொற்கள் நம்மை அவ்வளவாகத் தவறச் செய்வதில்லை. அவற்றுக்கு அகராதியைப் பார்த்துவிடுகின்றோம். இன்றும் நம் நாவில் வழங்கி, அன்று வேறு பொருள் தந்த சொற்களே நம்மைத் தவறச் செய்வன.

'சிற்றில்' என்பது சிறு வீடு. சிறுமியர் மணலிற் கட்டி விளையாடும் வீட்டிற்கும் அதுவே பெயர். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் வரும் சிற்றில் சிதைத்தற் பருவத்தை அறிந்தார்க்கு அப்பொருளே முதலில் தோன்றும். இங்கு அது பொருந்தாது; தூண் உள்ள வீடு மணல்வீடு ஆகாது. ஆயினும் 'சிறு' என்னும் அடையைப் புறக்கணித்தல் கூடாது. வீடு சிறியது, தூணோ நல்லது. 'நற்றூண்' என்பது நல், தூண் என்னும் இரண்டும் புணர்ந்து நின்ற சொல். செல்வமின்மையையும் உறுதியுடைமையையும் இவ்விரு சொற்களாற் புலவர் காட்டிவிட்டார்.

'யாண்டு' என்பது கல்வெட்டுக்களைப் படித்தார்க்கு ஆண்டு என்னும் காலப் பொருளைத் தரும். இங்கு எவ்விடம் என்பதே பொருள். 'அளை' என்பது மோருக்கும் பெயர்; நண்டின் வளைக்கும் பெயர்; இங்கு மலைக்குகை. 'சேர்ந்து' என்பதற்கு வந்தடைந்து என்று மட்டும் கொள்ளாது, தங்கி என்று கொள்ளுதல் சிறப்பு. 'போகிய' என்பது இறந்தகாலப் பெயரெச்சம். போன என்பது பொருள். இதனை இங்கே குறித்துவைத்துக்கொள்வோம். உவமையை ஆராயுங்கால் இது பெரிதும் உதவும்.

'ஓரும்', 'மாதோ' என்னும் இரண்டும் எம்மை நன்றாக ஏமாற்றிய சொற்கள். முன்னதற்கு 'அறியும்' என்றும், பின்னதற்குப் 'பெண்ணே' என்றும் எழுதிய தாள்கள் பல. பின்னதை விளியாகக் கொண்டே கேட்டவர் பெண் என்று முடிவு செய்தாரும் உளர். இவ்விரண்டும் ஈண்டு அசைநிலை. தமக்கெனத் தனிப்பொருள் இல்லாமல் ஓசை நிறைத்து நிற்பன. பொருளில்லாத இடத்தில் பொருளைப் புகுத்துதலும் பொருளுள்ள இடத்தில் அதனைக் காணாது விடுதலும் ஒரே குற்றத்தின் இருவகைகளே.

ஓரெழுத்தேயாயினும் பொருளுடைய இடைச்சொல் ஒன்றும் இப்பாட்டில் உளது. தாய் தன் வயிற்றைச் சுட்டுங்கால் 'இதுவே' என்று ஏகாரம் கொடுத்துக் கூறுகின்றாள். தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என்று ஏகாரத்திற்கு ஐந்து பொருள் கூறுவர் தொல்காப்பியர். இங்கு அதனைத் தேற்றமாகக் கொண்டால், 'உறுதியாக இதுதான்' என்னும் பொருள் பிறக்கும். பிரிநிலையாகக் கொண்டால், 'என்னிடம் எஞ்சியது இது ஒன்றே. மகன் அல்லன்' என்னும் குறிப்பும் எழும். முதற்பொருள் பெருமிதத்தின்பாற்படும், இரண்டாவது வறுமையின்பாற்படும். இரண்டையும் ஓரெழுத்தே தாங்கி நிற்கின்றது.

'வயிறு' என்னுஞ் சொல்லைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். உணவு செல்லும் உறுப்பிற்கும் கரு வளரும் இடத்திற்கும் தமிழர் இச்சொல்லையே பொதுவாக வழங்கினர். பெற்ற வயிறு என்று நம் தாய்மார் இன்றும் தம்மைக் கூறிக்கொள்கின்றனர். பிள்ளைக்கு ஒரு கேடு வந்துற்றால் வயிறு எரிகின்றது என்கின்றனர். பிள்ளை நலமாயிருப்பின் வயிறு குளிர்ந்தது என்கின்றனர். பெறுதலோடு அவ்வயிற்றின் வேலை முடிந்துவிடவில்லை என்பது இவ்வழக்கினால் விளங்கும். புறநானூற்றுத் தாயும் மகனைப் பற்றிய வினாவிற்கு விடையாகத் தன் வயிற்றையே காட்டுகின்றாள்.

இறுதியாகத் 'தோன்றுவன்' என்னும் சொல். காணப்படுவான் என்பது அதன் நேர்ப்பொருள். ஆயினும் தோன்றுதல் என்பது பிறத்தலையும் குறிக்கும். திருக்குறளின் 236-ஆம் குறளில் இச்சொல்லின் வினையெச்சத்திற்குப் பரிமேலழகர் பிறத்தல் என்றே பொருள் கொண்டார். 'தோன்றல்' என்பது மகனுக்கும் தலைவனுக்கும் பெயர். தன் வயிற்றிலிருந்து தோன்றியவன் இனிப் போர்க்களத்திலே தோன்றுவான் என்று தாய் கூறுவதுபோல நம் காதுகளில் ஒலிக்கின்றது. இது நேர்ப்பொருள் அன்று, சொல்லின் எதிரொலி. இவ்வாறு கேட்கும் எதிரொலியை எதிரொலி என்றே குறித்தல் நேர்மையாகும்.

உவமை

தொல்காப்பியர் உவமையை வினை, பயன், மெய், உரு என்னும் நான்கின்கண் அடக்குவர். வயிற்றுக்குக் குகையை உவமை கூறியதில் மெய் பற்றிய ஒப்புமை வெளிப்படை; இரண்டும் உள்ளே வெற்றிடம் உடையன. ஆயினும் புலவரின் நோக்கம் வடிவத்தோடு நிற்கவில்லை. தங்குதல், நீங்குதல் என்னும் இரு வினைகளை அவர் குகையின்மேல் ஏற்றியிருக்கின்றார். ஆதலின் இதனை வினையுவமம் என்று கொள்ளுதலே சிறப்பு.

வயிறு குகையை ஒக்கும் என்பது வெளிப்படையாகக் கூறப்பட்டது. மகன் புலியை ஒப்பான் என்பதோ எங்கும் கூறப்படவில்லை. கேட்பவர் தாமே உய்த்துணருமாறு விடப்பட்டது. 'என் மகன் புலி' என்று தாய் வாய்திறந்து கூறியிருப்பின் அது தற்பெருமையாய் முடிந்திருக்கும். அவள் தன்னையே பேசினாள். மகனின் பெருமை அதனோடு தானாக வந்தது. இந்நயத்தை எம் விடைத்தாள்களில் ஓரளவு எழுதியிருந்தோம். எழுதாது விட்டது இதன் மறுபக்கம்.

அம்மறுபக்கம் யாது? புலி குகையிற் பிறந்தாலும் குகை புலியைப் பெறுவதில்லை. அது இடங்கொடுத்தது, அவ்வளவே. புலி வரும்போதும் குகையைக் கேட்டு வருவதில்லை. போகும்போதும் சொல்லிப் போவதில்லை. போன புலியைத் தேடிக் குகை பின்செல்வதுமில்லை. தாய் தன்னை இத்தகைய குகையோடு ஒப்பிட்டபோது, 'இவனை ஆக்கியவள் யான்' என்னும் உரிமையை விட்டுக்கொடுக்கின்றாள். அவன் எங்குளன் என்பதை அறியேன் என்ற விடைக்கு இவ்வுவமையே காரணம் கூறுகின்றது. குகைக்குத் தெரியுமா புலி எங்கே என்று?

ஆயினும் அவ்வுவமையை அடுத்தே 'ஈன்ற' என்னுஞ் சொல்லை அவள் வைத்திருக்கின்றாள். உவமை, தங்கவிட்டேன் என்கின்றது. சொல், பெற்றேன் என்கின்றது. உவமை உரிமையை விடுகின்றது. சொல் உரிமையை நாட்டுகின்றது. இத்தாயின் உள்ளம் இவ்விரண்டிற்கும் இடையில் உளது என்பதே எம் துணிபு. வீரம் என்று மட்டும் எழுதினால் ஒருபாதி விடுபடும்; துயரம் என்று மட்டும் எழுதினால் மறுபாதி விடுபடும்.

முன்னர்க் குறித்துவைத்த இறந்தகாலத்தை இங்கே நினைவுகூர்வோம். புலி இருக்கும் குகையை அவள் கூறவில்லை. புலி போய்விட்ட குகையைக் கூறினாள். அக்குகை இப்போது வெறுமையானது. மகன் இல்லாத சிற்றில், மகன் நீங்கிய வயிறு ஆகிய இரண்டும் வெற்றிடங்களாய் ஓரிடத்திலிருக்க, அவன் நிறைந்து நிற்கும் இடம் போர்க்களம் ஒன்றே. ஆறு அடிகளுக்குள் மூன்று இடங்கள் காட்டப்படுகின்றன. இறுதியது ஒழிந்த இரண்டும் வறியன. பாட்டில் துயரைக் குறிக்கும் சொல் ஒன்றேனும் இல்லை. ஆயினும் துயரம் இல்லை என்று எவ்வாறு கூறுவது?

உவமையை விரித்தற்கும் ஓர் எல்லை உண்டு. குகை கல்லால் ஆயது. ஆகவே தாயின் நெஞ்சும் கல் என்று ஒருவர் கூறலாம். குகை இருளுடையது, ஆகவே தாயின் வாழ்வும் இருள் என்று மற்றொருவர் கூறலாம். வீட்டுக்குத் தூண் மகனே என்று வேறொருவர் உருவகம் செய்யலாம். இவற்றுக்குப் பாட்டில் இடமில்லை. புலவர் ஏற்றிக் கூறிய வினை தங்குதலும் நீங்குதலுமே. உவமானத்தின் எல்லாத் தன்மைகளையும் உவமேயத்தின்மேல் ஏற்றுதல் ஆராய்ச்சி ஆகாது. அது நம் கற்பனையைப் புலவர் பெயரால் வழங்குதலாகும்.

பிற தாய்மார்

இம்முறையைப் புறநானூற்றின் வேறு சில பாட்டுக்களிலும் வைத்துப் பார்த்தோம். பொன்முடியார் பாடிய 312-ஆம் பாட்டிலும் தாயே பேசுகின்றாள். தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளைஞன் என்னும் ஐவர்க்கும் உரிய கடமைகளை அவள் வகுத்துரைக்கின்றாள். அதிலும் சொற்களே இடறுவன. 'புறந்தருதல்' என்பது பேணி வளர்த்தல். புறங்கொடுத்தல் என்பதோ தோற்று ஓடுதல். இரண்டையும் மயக்கினால் பொருள் தலைகீழாகும். 'சான்றோன்' என்னுஞ் சொல்லை இன்று கல்வியும் குணமும் நிறைந்தவனுக்கு வழங்குகின்றோம். போரைப் பற்றிய அப்பாட்டிலோ அது வீரனையே குறிக்கும். வேந்தனின் கடமையைக் கூறுமிடத்தில் 'நன்னடை' என்றும் 'தண்ணடை' என்றும் பாடவேறுபாடு உண்டு. முன்னதன்படி வேந்தன் தருவது நல்லொழுக்கம், பின்னதன்படி மருதநிலம். சில எழுத்துக்களின் வேறுபாட்டால் அரசனின் கடமையே மாறிவிடுகின்றது.

ஒக்கூர் மாசாத்தியார் பாடிய 279-ஆம் பாட்டில் பேசுபவள் தாய் அல்லள். உற்றாரைப் போரில் அடுத்தடுத்து இழந்தவள், மீண்டும் பறையொலி கேட்டுத் தன் ஒரே மகனுக்குத் தலைவாரி, வேலைக் கையிற் கொடுத்து அனுப்புகின்றாள். பேசுபவர் அதனைக் காண்பவர். அவளது துணிவு மிகக் கடியது என்று அவர் திடுக்கிடுகின்றார். அத்திடுக்கீட்டைத் தாயின் பெருமிதமாக மாற்றிப் படித்தல் தவறு. பார்ப்பவரின் நெஞ்சம் நடுங்கியதைப் பதிவு செய்யவே புலவர் அவரைப் பேசவைத்தார்.

காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய 278-ஆம் பாட்டில், மகன் புறமுதுகிட்டான் என்று பலர் கூறக்கேட்ட முதியவள், வாளொடு களம் புகுந்து, பிணங்களைப் புரட்டித் தேடி, சிதைந்து கிடந்த மகனைக் கண்டு, பெற்ற நாளினும் பெரிதும் உவந்தாள். மகனைப் பிறர் சான்றோன் எனக் கூறக்கேட்ட தாய் பெற்ற பொழுதினும் பெரிதுவப்பாள் என்று திருவள்ளுவரும் 69-ஆம் குறளில் கூறுவர். உவகையின் அளவு ஒன்றே. அதன் விலையோ எத்துணை வேறுபடுகின்றது!

அம்முதியவள் பாட்டிற்கு வகுத்த துறை உவகைக் கலுழ்ச்சி. கலுழ்ச்சி என்பது அழுகை. அத்துறையில் அமைந்த 277-ஆம் பாட்டைப் பாடியவர் பூங்கணுத்திரையார். அதில் யானையைக் கொன்று தானும் மாய்ந்த மகனைப் பற்றிக் கேட்ட தாய்க்கும் உவகை பெரிதே. ஆயினும் அவள் சிந்திய கண்ணீர்த்துளிகள், மழைக்குப் பின் மூங்கிற் புதரில் தொங்கும் நீர்த்துளிகளினும் பல என்று பாட்டு முடிகின்றது. உவகையைப் பெற்ற நாளோடு ஒப்பிட்டவர், கண்ணீரை எண்ணிக்கையில் அடங்காத துளிகளோடு ஒப்பிட்டார். பண்டைத் தாய் அழுதறியாதவள் என்று எழுதுவார்க்கு இப்பாட்டே விடையாகும்.

மற்றொரு தாய்

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த எமக்கு இப்பாட்டைப் படிக்குந்தோறும் லூக்கா சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரம் நினைவிற்கு வருகின்றது. பன்னிரண்டு வயதான மகனைக் காணாத தாய், உறவினரிடையே தேடி, எருசலேமுக்குத் திரும்பிச் சென்று, மூன்று நாட்களுக்குப் பின் தேவாலயத்தில் அவனைக் காண்கின்றாள். எங்களுக்கு ஏன் இப்படிச் செய்தாய் என்று வினவுகின்றாள். தான் இருக்கவேண்டிய இடம் இது என்று அறியீர்களா என்பதே மகனின் மறுமொழியின் கருத்து. அவளுக்கு அது அப்போது விளங்கவில்லை. ஆயினும் அவற்றையெல்லாம் தன் உள்ளத்தில் வைத்துக்கொண்டாள். அவ்வதிகாரத்திலேயே முதியவராகிய சிமியோன், அவளுடைய ஆத்துமாவை ஒரு பட்டயம் உருவும் என்று முன்னுரைத்திருந்தார். பட்டயம் என்பது உருவகம். அதனைப் பேசியவரும் தாய் அல்லர்.

இரு தாய்மாரும் ஒருவரே என்று யாம் கூறவில்லை. ஒருத்தி மகன் செல்லும் இடத்தை முன்னரே அறிந்து ஏற்றுக்கொண்டவள். மற்றவள் தேடி அறிந்தவள். ஒருவன் சென்றது கொல்லும் களம். மற்றவர் சென்றது தம்மையே கொடுக்கும் வழி. இவ்வேற்றுமை சிறிதன்று. ஆயினும் மகனுக்கு உரிய இடம் தன் வீடன்று என்பதை ஏற்றல் இருவர்க்கும் நேர்ந்தது.

முடிவுரை

இப்பாட்டைச் சரியாகப் படித்தலால் ஆவதென் என்று சிலர் வினவலாம். மதிப்பெண் மட்டுமாயின் இவ்வளவு எழுதியிரோம். வீரத்தாய் என்னும் சொல் ஒரு முத்திரையாகி, மேடைதோறும் வழங்குகின்றது. தாய்மாரே மகிழ்ந்து அனுப்பினர் என்று கூறிப் போரை எளிதாக்குவார்க்கு இத்தகைய பாட்டுக்கள் கருவியாதல் கூடும். பேசுபவர் யார் என்று கேளாமலும், 'போகிய' என்னும் இறந்தகாலத்தை நோக்காமலும் படிக்கும் நாமும் அதற்குத் துணைபோகின்றோம். பாட்டில் உள்ள தாயோ போரை வாழ்த்தவுமில்லை, பழிக்கவுமில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையான விடை கூறினாள். அவ்விடையில் பெருமிதமும் வெறுமையும் ஒருங்கே இருந்தன. இரண்டையும் கேட்பது படிப்பவர் கடமை.

அவ்விடைத்தாளை மீண்டும் எழுத வாய்ப்புக் கிடைக்குமாயின், இவ்வாறு தொடங்குவோம்: 'ஒரு சிறு வீட்டில், தூணைப் பற்றி நின்ற ஒருவர் கேட்ட கேள்விக்கு, அவ்வீட்டுத் தாய் கூறிய மறுமொழி இப்பாட்டு.'

விடுதியில் வாழும் நம்முட் பலருடைய வீடுகளிலும் இவ்வாண்டில் எவரேனும் வந்து, தூணையோ வாயிற்கதவையோ பற்றி நின்று, மகன் எங்கே, மகள் எங்கே என்று கேட்டிருப்பர். நம் தாய்மார் கல்லூரியின் பெயரைக் கூறியிருப்பர். அதன்பின் சிறிதுநேரம் அவர்கள் என்ன நினைத்திருப்பர் என்பதை யாம் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. இப்பாட்டைப் படித்த பின்னரே எண்ணினோம்.